கீழ்க்காய்நெல்லியும் ஈரல் அழற்சியும்

செங்கண்மாரி என்றதும் எம்மவருக்கு முதலில் நினைவுக்கு வருவது கீழ்க்காய்நெல்லி. வேரோடு பிடுங்கி, கழுவி அரைத்து, பாலிலோ மோரிலோ கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பது ஊர் வழக்கம். இம் மூலிகை பற்றி விஞ்ஞானம் கூறுவதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

செங்கண்மாரி தனியொரு நோயன்று. பெரும்பாலும் ஈரல் பாதிக்கப்பட்டதன் அறிகுறி. அசுத்தமான நீராலும் உணவாலும் வரும் 'ஏ' வகை ஈரல் அழற்சி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மாறிவிடும். அவ்வேளையில் எதைக் குடித்தாலும் அதுவே மாற்றியதாகத் தோன்றும்.

'பி' வகை வேறு. இது இரத்தத்தின் மூலமும், உடலுறவினாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் 100க்கு ஏறத்தாழ 90 பேரிடம் நிலைத்துவிடும். பல ஆண்டுகள் அறிகுறியின்றி இருந்து, ஈரல் சுருக்கத்தையும் புற்றுநோயையும் உண்டாக்கலாம்.

1988இல் சென்னைப் பேராசிரியர் தியாகராஜன் குழுவினர், 'பி' வைரசைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பேர்க்குடன் இணைந்து, லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 30 நாட்கள் கீழ்க்காய்நெல்லி மருந்து பெற்ற 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் அடையாளம் மறைந்திருந்தது. மருந்தற்ற போலித் தூள் பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு மறைந்தது.

எம்மவர் பெருமைப்பட்ட செய்தி இது. ஆனால் ஒரு கணக்கை இன்னொருவர் சரிபார்த்த பின்னரே ஏற்கிறோம். மருந்துக்கும் அதே நியதி. பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த பரிசோதனைகளில் அப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே 'பி' வகைக்கு இம் மூலிகை மருந்தென்று இன்று கூற முடியாது.

நாம் செய்யவேண்டியவை:

1. குடும்பத்தில் ஒருவருக்கு 'பி' வகை இருந்தால் ஏனையோரும் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். தொற்றில்லாதவர்களுக்குத் தடுப்பூசி உண்டு.

2. தாய்க்குத் தொற்றிருந்தால் குழந்தை பிறந்து 24 மணி நேரத்திற்குள் தடுப்பூசி போடவேண்டும். கர்ப்ப காலத்திலேயே வைத்தியருக்குத் தெரிவியுங்கள்.

3. வைரசை அடக்கிவைக்கும் குளிசைகள் இன்று உள்ளன. ஊரிலிருந்து வந்த தூளை நம்பி அவற்றை நிறுத்தவேண்டாம். திடீரென நிறுத்தினால் நோய் கடுமையாகத் திரும்பக்கூடும்.

4. எந்த மூலிகை எடுத்தாலும் வைத்தியரிடம் மறைக்காமல் கூறுங்கள். பெயர் தெரியாவிட்டால் போத்தலையே கொண்டுசென்று காட்டுங்கள்.

முன்னோர் தந்த மூலிகைகளை மதிப்போம். அவற்றைச் சோதித்து அறிவதும் அந்த மதிப்பேயாகும்.