வானொலி அலையும் வாய்க்கால் முறையும்

காவிரிப் படுகையில் வாழ்வார்க்கு ‘முறை’ என்னும் சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. தலைமடைக்காரர் தம் மடையை அளவு மீறித் திறந்துவிடின், கடைமடையில் பயிர் காயும். நீர் பொதுவாதலின், இன்னார்க்கு இன்ன பொழுதில் இவ்வளவு என்று முறை வைத்துப் பாய்ச்சுகின்றோம். கண்ணுக்குப் புலனாகாத வானொலி அலையும் இத்தகைய பொதுச் செல்வமே. இருவர் தம்முள் பேசிக்கொள்ளும் சிறு வானொலிக் கருவிகளுக்கு உரிமமும் ஆற்றல் வரம்பும் விதிக்கப்பட்டிருத்தல் ஏன் என்பதை இங்கு ஆராய்வோம்.

ஓர் அலைவெண்ணில் இருவர் ஒரே பொழுதில் பேசுவராயின், வலிய குரல் மெலிய குரலை அமிழ்த்திவிடும். காவலர், தீயணைப்போர், மாலுமிகள், விமானிகள் ஆகியோர்க்கெல்லாம் தனித்தனி அலைவெண்கள் வகுக்கப்பட்டுள்ளன. வகுக்காவிடில் ஒருவர் வீண்பேச்சு மற்றொருவர் அபயக் குரலை மறைத்துவிடும் அன்றோ?

ஆயினும், நம் நாட்டில் உரிமச் சட்டம் நீதியை மட்டும் கருதிப் பிறந்ததன்று. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும், கருவியை உரிமமின்றி வைத்திருத்தலையே குற்றமாக்கிய 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் அயலார் ஆட்சியில் எழுந்தவை. 1939-இல் போர் மூண்டதும் பொழுதுபோக்கு வானொலியாளரின் உரிமங்கள் நீக்கப்பட்டன. 1942-இல் பம்பாயில் உஷா மேத்தா முதலியோர் காங்கிரஸ் வானொலியை மறைவில் நடத்திச் சிறை புகுந்தனர். எனவே உரிமத்திற்கு அச்சமும் நீதியும் ஆகிய இரு வேர்கள் உண்டு. பழைய சட்டங்களின் இடத்தை ஏற்க 2023-இல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டு, அதன் பிரிவுகள் 2024 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன.

இனி, கருவிகளின் வகையைக் காண்போம். முதலாவது, உரிமம் வேண்டாதவை. 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள குடிமக்கள் அலைவரிசையில், 5 வாட்டுக்கு மேற்படாத கருவிக்கு 2005-ஆம் ஆண்டின் விதிகள் விலக்களித்தன. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிற்றாற்றல் கைக்கருவிகளுக்கு 2018-இல் விலக்குக் கிடைத்தது. இரண்டாவது, பொழுதுபோக்கு வானொலியாளர் உரிமம். 12 வயது நிரம்பியோர் தேர்வெழுதி இதனைப் பெறலாம். தொடக்க நிலையினர்க்கு 50 வாட்டும், பொது நிலையினர்க்குக் குறித்த சிற்றலைகளில் 400 வாட்டும் வரம்பாகும். இவ்வுரிமம் வணிகத்திற்கு உதவாது. மூன்றாவது, நிறுவனங்களும் அரசுத் துறைகளும் தம் பணிக்கெனத் தனியே பெறுவது.

50 வாட்டு சிறிதென்று எண்ணற்க. சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924-இல் ஒலிபரப்பத் தொடங்கியது 40 வாட்டுக் கருவியைக் கொண்டே. மேலும், ஆற்றலைப் பெருக்குவதால் மட்டும் தொலைவு பெருகுவதில்லை. தடையற்ற வெளியில் தொலைவு இருமடங்காக வேண்டின் ஆற்றல் நான்மடங்காதல் வேண்டும். அதற்கு மேலும் பூமியின் வளைவு குறுக்கிடுகின்றது. 446 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. சமவெளியாகிய நம் நாட்டில், நிற்பவன் கையிலுள்ள கருவிக்கு அடிவானம் ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் முடிகின்றது. தென்னந்தோப்பும் வீடுகளும் அதனை இன்னும் சுருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரமாகிய 216 அடியில் ஒரு கருவி இருப்பதாகக் கற்பனை செய்வோமாயின், அவ்வடிவானம் 33 கிலோமீட்டர் வரை விரியும். உயர்வே தொலைவு தரும், வாட்டு அன்று. ஆகவே, வரம்பு மீறி ஆற்றலைக் கூட்டுவோன் தான் பெறும் நன்மையினும் அயலார்க்கு விளைக்கும் இடையூறே பெரிது.

இம்முறையைக் கற்றல் நமக்கு வேடிக்கையன்று. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தைச் சூறையாடிய நாளில், அந்தமானின் போர்ட் பிளேயரில் உரிமம் பெற்றிருந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார், தம் வானொலி நிலையத்தின் வழியே தீவினரின் செய்திகளைத் தாயகத்திற்கு அனுப்பினார். 2018 நவம்பர் 16-இல் கஜாப் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தபோது, டெல்டாச் சிற்றூர்கள் பல நாட்கணக்கில் மின்சாரமும் தொலைபேசியும் இன்றித் தவித்தன. அத்தகைய பொழுதில், மின்கலத்தால் இயங்கும் கருவியும் அதனைக் கையாளத் தெரிந்தவரும் ஊர்தோறும் இருத்தல் எத்துணைப் பயன் தரும்!

இன்று இணையக் கடைகளில் அலைவெண்ணும் உரிம விவரமும் குறியாத கைக்கருவிகள் மலிந்ததால், நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் அவற்றின் விற்பனைக்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அறியாது வாங்குவோன் காவலர் அலைவரிசையிலே பேசிக் குற்றவாளியாகக் கூடும்.

மாணவ நண்பர்களே! தடை செய்தலோடு அரசின் கடமை தீராது. கற்பித்தலும் தேர்வைக் கிட்டச் செய்தலும் வேண்டும். அச்சம் என்னும் வேர் பட்டுப்போய், நீதி என்னும் வேர் தழைத்தல் அவ்வழியே கைகூடும். நம் கடமையோ, புயல் வருமுன் தேர்வெழுதி உரிமம் பெறுதல். வெள்ளம் வந்தபின் வாய்க்கால் வெட்டுவார் எவருமிலர்.