விரலியை ஒடிக்கும் முன்னே

அன்புள்ள தம்பி,

நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்தை நீ பார்த்திருப்பாய். வியாபாரி குவியலிலிருந்து ஒரு விரலியை எடுத்துப் படக்கென்று ஒடிப்பார். உள்நிறத்தைப் பார்த்து விலை சொல்வார். சோதனை அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் சரக்கை யாராலும் நல்லதாக்க முடியாது. விரலியையும் உருண்டையையும் சேர்த்து வேகப்போட்ட அன்றே காரியம் கெட்டிருக்கும். உருண்டை வேக நேரம் பிடிக்கும். அதுவரை விட்டுவைத்தால் விரலி குழைந்துபோகும்.

நீ சேர்ந்திருக்கும் மஞ்சள்தூள் ஆலையில் முழுத் தர மேலாண்மையைக் கொண்டுவரப் போகிறார்களாமே. கடைசியில் கழித்துக் கட்டுவதை விட்டு, கெடும் இடத்துக்கே போய்க் காரணத்தைப் பிடிப்பதுதான் அதன் உயிர்நாடி.

நம் மாநிலத்திலேயே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். சென்னை பாடியில் லாரிகளுக்கு ஏர் பிரேக் செய்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு வாங்கியது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. வேணு சீனிவாசன் தலைமையில் ஜப்பானியப் பேராசிரியர்களை வரவழைத்துப் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். 2002இல் டிவிஎஸ் மோட்டாருக்கும் அந்தப் பரிசு வந்தது. 1951இல் ஜப்பானில் தொடங்கிய இப்பரிசில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. தகுதியை எட்டிய எல்லோருக்கும் உண்டு.

பரிசுக்குப் பெயர் தந்த டெமிங்குக்கு வழிகாட்டியவர் வால்டர் ஷூஹார்ட். 1924இல் அவர் போட்ட கட்டுப்பாட்டு வரைபடம் இன்றும் உன் ஆலைக்கு உதவும். அரவைக்கு வரும் மஞ்சளின் ஈரப்பதத்தை நாள்தோறும் புள்ளியாக வைத்துவா. வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள் புள்ளி ஆடினால் எந்திரத்தைத் தொடாதே. தொட்டால் ஆட்டம் கூடத்தான் செய்யும். அதன் எல்லைக்கோட்டைப் புள்ளி தாண்டினால் அன்றே விசாரி: எந்தக் களத்துச் சரக்கு, எத்தனை நாள் காய்ந்தது, இடையில் மழையில் நனைந்ததா?

ஒன்றில் மட்டும் உஷார். அமெரிக்காவின் புளோரிடா மின் நிறுவனம் 1989இல் டெமிங் பரிசு வாங்கியது. ஜப்பானுக்கு வெளியே அதுதான் முதல். அடுத்த ஆண்டே அதன் புதிய தலைவர் அந்தத் தர அமைப்பில் பெரும்பகுதியைக் கலைத்துவிட்டார். படிவங்களை நிரப்பியே ஓய்ந்துபோனோம் என்று ஊழியர்கள் புலம்பியிருந்தார்கள். சான்றிதழுக்காக எழுதும் நோட்டு எங்கேயும் இப்படித்தான் முடியும்.

ஆகவே பத்துப் படிவம் வேண்டாம். ஈரப்பதத் தாள் ஒன்றைத் தொடங்கு. அதை மேலாளர் அறையில் பூட்டாமல் அரவைக்காரர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டு. ஒரு மாதம் ஆனதும் அதன் நகலை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்