சொல்லிலிருந்து சமன்பாட்டுக்கு

"மக்னீசிய நாடா காற்றில் எரிந்து வெண்ணிறத் தூளைத் தருகிறது. சமன்பாடு எழுதுக." வினாத்தாளில் இப்படி ஒரு வரியைக் கண்டாலே நம்மில் பலருக்கு வியர்த்துவிடும். ஆனால் தோழியரே, பாதி விடை வினாவிலேயே இருக்கிறது. ஆக்ஸிஜன் என்ற சொல் அதில் இல்லை. 'காற்றில் எரிந்து' என்பதற்குள் அது ஒளிந்திருக்கிறது. வெண்ணிறத் தூள் மக்னீசியம் ஆக்ஸைடு.

இனி அணுக்களை எண்ணுவோம். ஆக்ஸிஜன் வாயு இரண்டிரண்டு அணுக்களாகவே இருக்கும். ஆக்ஸைடிலோ ஒரு மக்னீசியத்துக்கு ஓர் ஆக்ஸிஜன்தான். எனவே வலப்புறம் ஆக்ஸைடின் முன் 2 இடுகிறோம். அதற்கு ஈடாக மக்னீசியத்தின் முன்னும் 2.

2 மக்னீசியம் + ஆக்ஸிஜன் → 2 மக்னீசியம் ஆக்ஸைடு

எண்ணை வாய்பாட்டின் முன்னால்தான் இட வேண்டும். அதன் காலடியிலுள்ள சிறிய எண்ணைத் தொட்டால் பொருளே மாறிவிடும். கணக்குச் சரியாகட்டும் என்று நீரின் ஓர் ஆக்ஸிஜனை இரண்டாக்கினால் அது நீரன்று, ஹைட்ரஜன் பெராக்ஸைடு! சிஸ்டரின் சிவப்பு மை பாயுமிடம் இதுவே.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? வினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை மாறாது என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் லவாய்சியே தராசில் நிறுத்துக் காட்டி, 1789இல் தம் நூலிலும் எழுதினார். 24 கிராம் மக்னீசியம் 16 கிராம் ஆக்ஸிஜனுடன் சேர்ந்து 40 கிராம் ஆக்ஸைடு ஆகிறது. ஓர் அணுகூடக் காணாமற்போவதில்லை.

சற்றுக் கடினமான ஒன்றுக்குச் சமையலறைக்குப் போவோம். வாயு உருளையிலுள்ள வாயுக்களுள் ஒன்று பியூட்டேன். 'பியூட்டேன் முழுமையாக எரிந்து கரியமில வாயுவையும் நீராவியையும் தருகிறது.' அதன் மூலக்கூறில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. ஆகவே கரியமில வாயு 4, நீர் 5. ஆக்ஸிஜனைக் கடைசியில் எண்ணுவதே எளிது: எட்டும் ஐந்தும் பதின்மூன்று அணுக்கள். ஒற்றைப்படை! ஆறரை மூலக்கூறு ஏது? எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குகிறோம்.

2 பியூட்டேன் + 13 ஆக்ஸிஜன் → 8 கரியமில வாயு + 10 நீர்

வினாவில் 'முழுமையாக' என்ற சொல் அலங்காரத்துக்கு வந்ததன்று. காற்றோட்டம் குறைந்தால் இப்படியும் எரியலாம்:

2 பியூட்டேன் + 9 ஆக்ஸிஜன் → 8 கார்பன் மோனாக்ஸைடு + 10 நீர்

எண்ணிப் பாருங்கள், இதுவும் சரியாகவே சமன்படுகிறது. ஆனால் கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் இல்லாத கொடிய நஞ்சு. அடுப்பெரியும்போது சன்னலைத் திறந்து வைக்கும்படி அம்மா சொல்வது, 13க்கும் 9க்கும் இடையிலுள்ள அந்த 4 மூலக்கூறு ஆக்ஸிஜனுக்காகவும்தான்.