திறந்த ஏடும் மறைந்த முகவரியும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணினி அறிவியல்)

பலர் கூடி ஒரே ஏட்டில் எழுதுவதற்கு உதவுவது கூட்டுப்பணி மென்பொருள். அதில் எவர் படிக்கலாம், எவர் எழுதலாம், எவர் நீக்கலாம் என வரையறுப்பது அணுகல் கட்டுப்பாடு. எழுதியவரைப் பற்றி வெளியே எவ்வளவு தெரியலாம் என்பது அந்தரங்கம். இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் நம்மில் பலர். அவை வேறு வேறு என்பதை, 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைக் கொண்டு காண்போம்.

1975இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரு அறிஞர்கள் கணினியில் தகவல் பாதுகாப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினர். அனுமதி பெற்றவரை மட்டும் உள்ளே விடுக, மற்றவர்க்கு மறுப்பதே இயல்பாக இருக்கட்டும் என்பது அதில் கண்ட நெறிகளுள் ஒன்று. தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு நாம் எழுதும் விடைதான். ஆனால் விக்கிப்பீடியாவோ இதைத் தலைகீழாக்கிவிட்டது. அங்கே ‘தொகு’ என்பதை அழுத்தி எவரும் கட்டுரையைத் திருத்தலாம். ஓயாமல் சேதப்படும் பக்கங்கள் போன்ற சிலவற்றை மட்டுமே நிர்வாகிகள் பூட்டுகின்றனர். அப்படிப் பூட்டியதும் பதிவேட்டில் ஏறிவிடும்.

இவ்வளவு தாராளம் எப்படிச் சாத்தியமாயிற்று? ஒவ்வொரு மாற்றமும் நாள், நேரத்தோடு பக்கத்தின் வரலாற்றில் சேர்கிறது. ஒருவர் கெடுத்ததை மற்றொருவர் நொடியில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். மீட்கக் கூடிய பொருளுக்குப் பூட்டு அவ்வளவு அவசியமில்லை.

மீட்க முடியாத பொருளும் ஒன்று உண்டு. அரியமங்கலம் குப்பைக் கிடங்கின் புகையைப் பற்றி எங்கள் தெருப்பெண் ஒருத்தி, கணக்குத் தொடங்காமலே நாலு வரி சேர்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முன்பெல்லாம் அவள் பயன்படுத்திய இணைப்பின் ஐ.பி. முகவரியே பெயருக்குப் பதிலாக வரலாற்றில் நின்றுவிடும். அந்த எண் வீட்டு வாசலைக் காட்டாது. பெரும்பாலும் ஊரையும் சேவை நிறுவனத்தையும் காட்டும். ஆனால் அது எந்தச் சந்தாதாரருக்கு உரியது என்பது அந்நிறுவனத்தின் ஏட்டில் இருக்குமே! எங்களைப் போன்ற வீடுகளில் இணைப்பு அப்பாவின் பெயரில் இருக்கும். மகள் எழுதியதற்கு அப்பாவை விசாரிப்பார்கள். அந்த அச்சம் ஒன்றே அவள் கையைக் கட்டிப்போடப் போதுமானது.

இக்குறையைப் போக்கத்தான் விக்கிமீடியா நிறுவனம் 2024 முதல் படிப்படியாகத் தற்காலிகக் கணக்கு முறையைக் கொண்டுவந்தது. இப்போது முகவரி இருந்த இடத்தில், ஆண்டும் சில எண்களும் சேர்ந்த ஒரு பெயர் தோன்றும். உண்மை முகவரி 90 நாள்வரை வைக்கப்படுகிறது. விஷமிகளைப் பிடிக்க அது தேவைதான் என்பதை மறுப்பதற்கில்லை. அதைப் பார்க்கும் உரிமை நிர்வாகிகள் முதலிய சிலருக்கே உண்டு. அவர்கள் பார்த்ததும் பதிவாகும். பயனர்களின் மறைவான விவரங்களை ஆராய்வோர்க்கு இன்னும் கடுமையான விதி உண்டு: ஒரு விக்கியில் அவ்வுரிமையைத் தந்தால் இருவருக்கேனும் தரவேண்டும், ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் பொருட்டு. பூட்டைவிட இந்த ஏற்பாடே என்னை மிகவும் கவர்ந்தது.

நீக்குதலிலும் இதே சிக்கல் உண்டு. கட்டுரையில் யாரோ ஒருவரின் தொலைபேசி எண்ணை எழுதிவிட்டால், அந்த வரியை எடுத்துவிடுவது மட்டும் போதாது. வரலாற்றில் அது கிடக்கும். நிர்வாகி அந்தப் பதிப்பை மறைத்தால் பொதுமக்களுக்குத் தெரியாது, மற்ற நிர்வாகிகளுக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியாமல் மறைக்கத் தனி உரிமை பெற்றவர்கள் உளர். ஆகவே நம் செயல்முறைத் திட்டத்தில் ‘நீக்கு’ என்று ஒரே பொத்தானை வைக்குமுன், அது யார் கண்ணிலிருந்து நீக்குகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

புதிய முறை வருமுன் பதிந்த முகவரிகள் பழைய வரலாற்றுப் பக்கங்களில் இன்றும் அப்படியே உள்ளன. இனி எழுதப் புகும் நண்பர்கள் கணக்குத் தொடங்கிக்கொள்ளலாம். அதற்கு உண்மைப் பெயரோ தொலைபேசி எண்ணோ தேவையில்லை. ஒரு புனைபெயரும் கடவுச்சொல்லும் இருந்தால் போதும்.