பட்டா சரி, மாஸ்டர் பிளான் பார்த்தீங்களா?

மனை வாங்கப் போறீங்க. பட்டாவை மொபைல்ல பார்த்தாச்சு, வில்லங்கச் சான்றும் எடுத்தாச்சு. நல்லது. ஆனா நிலம் யார் பேரில் இருக்கு, அதன்மேல் பதிவான அடமானம் உண்டா என்பதைத்தான் இவை சொல்லும். அங்கே வீடு கட்டலாமா என்பதைச் சொல்வது வேறொன்று: மாஸ்டர் பிளான், அதாவது முழுமைத் திட்டம்.

சென்னையையே எடுத்துக்குங்க. சி.எம்.டி.ஏ. தயாரித்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது மாநகராட்சிக்கு மட்டுமல்ல, பக்கத்து மாவட்டங்களின் பகுதிகளையும் சேர்த்து 1,189 சதுர கி.மீ. பரப்புக்கு. 2022-ல் பெருநகர் எல்லை 5,904 சதுர கி.மீ. ஆக விரிந்தது, அரக்கோணம் பக்கம்கூட உள்ளே வந்தாச்சு.

எதுக்கு இவ்வளவு பெரிய எல்லை? தண்ணீர் போகிற வழியைப் பாருங்க. தென்சென்னைப் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம். ஒவ்வொரு ஊரும் தன் எல்லையை மட்டும் பார்த்து மனைப்பிரிவு போட்டால், கீழே அடைத்ததற்கு மேலே உள்ள ஊர் மூழ்கும். அதனால்தான் பள்ளிக்கரணை, செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, தெற்குக் கடலோரத்தில் நிலத்தடி நீர் ஊறும் பகுதி ஆகியவற்றுக்குத் திட்டத்தில் தனிக் கட்டுப்பாடு.

சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் நில உபயோக விவரம் பார்க்கலாம். கிராமத்தைத் தேர்ந்தெடுத்து சர்வே எண் போடணும். உட்பிரிவும் முக்கியம், 112/1 வேற, 112/2 வேற. தரகர் வாய்மொழியாச் சொல்ற எண் வேண்டாம், பட்டாவில் உள்ளதையே போடுங்க. 'குடியிருப்பு' என்று வந்தால் சரி. 'விவசாயம்', 'திறந்தவெளி' என்று வந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

"மாத்திக்கலாம் சார், ரெண்டே மாசம்" என்பார் தரகர். நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வழி உண்டுதான். கிடைத்தே தீரும்னு அவர் உறுதி தர முடியாது. "மாத்திட்டு வாங்க, அப்புறம் பத்திரம் போடலாம்" என்று சொல்லிப் பாருங்க, பேச்சு மாறும்! சென்னைத் திட்டப் பரப்புக்கு வெளியே மனை என்றால், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்க.

இன்னொன்று. முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானால், 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் ஆட்சேபமும் யோசனையும் எழுதித் தரலாம். குறைந்தது 2 மாதம் அவகாசம். மூன்றாம் திட்டத்தின் வரைவு வரும்போது உங்க ஊர் ஏரியும் வாய்க்காலும் வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்குன்னு பாருங்க. மனையாக் காட்டியிருந்தால், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்க.