கையடக்க ஹாம் ரேடியோ வாங்குமுன்

கடைக்கும் கிட்டங்கிக்கும் பேசிக்கொள்ள ஹாம் ரேடியோ செட் வாங்கலாமா என்று உறுப்பினர்கள் சிலர் நம்மிடம் கேட்கிறார்கள். கூடாது. அதில் வியாபாரம் பேச அனுமதியில்லை. "பத்து மூட்டை துவரை ஏற்று" என்றாலே விதிமீறல்தான். கடைக்கென்று 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், உரிமம் வேண்டாத குறைந்த சக்தி வாக்கி டாக்கி உண்டு. எடைக்கல்லில் முத்திரை பார்ப்பது போல அரசின் ஒப்புதல் பெற்ற கருவியா என்று பார்த்து, பில்லுடன் வாங்க வேண்டும்.

ஹாம் ரேடியோ ஆபத்துக் காலத்துக்கு உதவுவது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது அந்தமானிலிருந்து செய்தி அனுப்பியவர்கள் ஹாம் அன்பர்களே. நம் பிள்ளைகளுக்கு ஆர்வமிருந்தால், 12 வயது நிறைந்ததும் மத்திய அரசின் தேர்வெழுதலாம். உரிமம் இல்லாமல் செட்டைக் கையில் வைத்திருப்பதே குற்றம். ஆகவே கொள்முதல் பிறகுதான்.

முதல் செட்டுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் தாராளம். வாட் கூடினால் தூரம் கூடும் என்று விற்பவர் சொல்வார்; நம்ப வேண்டாம். இந்த அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவது. தெருவில் நின்றால் கட்டடங்கள் மறிக்கும், மொட்டை மாடி ஏறினால் அதே செட் நெடுந்தூரம் எட்டும். கூட வரும் ரப்பர் ஆன்டெனா சுமார்தான். நீளமானது ஒன்று தனியே வாங்கலாம். கரண்ட் இல்லாத நாளுக்கு உபரி பேட்டரி அவசியம்.

பேசுமுன் கொஞ்சம் கேட்க வேண்டும். பொத்தானை அழுத்தி ஒரு விநாடி பொறுத்து, அழைப்புக்குறி சொல்லித் தொடங்க வேண்டும்; இல்லாவிட்டால் முதல் சொல் விழுங்கப்படும். ஆன்டெனா இல்லாமல் பொத்தானை அழுத்தினால் செட்டே கெட்டுப் போகலாம்.