உருகிக்கு உரிய இடம்

நாற்புறமும் நீர் சூழ்ந்திருப்பினும் படகிற்குத் தீயே கொடும்பகை ஆகும். கரையில் வீடு தீப்பற்றினால் மக்கள் வெளியே ஓடிப் பிழைப்பர். கடல் நடுவில் ஓடுதற்கு இடம் ஏது? அத்தீ எழுதற்குரிய காரணங்களுள் மின்கம்பிப் பழுதும் ஒன்று.

இயந்திரப் படகுகள் பலவற்றில் 12 வோல்ட் பாட்டரி அமைந்துள்ளது. விளக்கும், வானொலிக் கருவியும், அடித்தளத்தில் தேங்கும் நீரை இறைக்கும் பம்பும் அதனால் இயங்குகின்றன. 12 வோல்ட் மின்சாரம் சிறிது என்று இகழ்வாரும் உளர். அது பிழை. படகின் அதிர்வினால் நேர்முனைக் கம்பியின் உறை தேய்ந்து, எதிர்முனையோடு இணைந்த இயந்திரத்தின் இரும்பில் அக்கம்பி பட்டுவிட்டால், பல நூறு ஆம்பியர் மின்னோட்டம் பாயக்கூடும். கம்பி செந்தழலாகும்; உறை எரியும்; அருகிலுள்ள மரமும் எண்ணெயும் பற்றிக்கொள்ளும்.

இதனைத் தடுப்பதே 'பியூஸ்' என வழங்கும் உருகி. அளவு மீறிய மின்னோட்டம் பாயின், அதனுள் இருக்கும் மெல்லிய உலோக இழை உருகி அறும், மின்னோட்டமும் நிற்கும்.

உருகியை எங்கே வைத்தல் வேண்டும்? விளக்கின் அருகே வைப்பார் சிலர். பாட்டரி படகின் பின்புறத்திலும் விளக்கு முன்புறத்திலும் இருப்பதாகக் கொள்வோம். இடைவழியில் கம்பி பழுதுற்றால், மின்னோட்டம் விளக்கை அடையாமலே பாட்டரிக்குத் திரும்பிவிடும். விளக்கருகே உள்ள உருகி அதனை அறியாது. ஏரியின் மதகு வயலருகே இருக்குமாயின், இடையில் கால்வாய் உடையுங்கால் அதனை அடைத்துப் பயன் என்ன? மதகு ஏரிக்கரையில் இருப்பதுபோல, உருகியும் மின்னோட்டம் புறப்படும் இடத்தை அடுத்தே இருத்தல் வேண்டும்.

நேர்முனைக் கம்பி மின்சாரம் பெறும் இடத்திலிருந்து 7 அங்குலத்திற்குள் உருகி அமைதல் வேண்டும் என்பது அமெரிக்கப் படகு, யாட் கழகம் வகுத்த பொது விதி. பாட்டரி முனையிலிருந்தே புறப்படும் கம்பி காப்புக் குழாயினுள் சென்றால் 72 அங்குலம் வரை இடம் உண்டு. இயந்திரத்தைத் துவக்கும் மோட்டாரின் பெருங்கம்பிக்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது.

பருத்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி பிரியும் இடத்தில் மற்றோர் உருகி வேண்டும். உருகியின் அளவு, கம்பி தாங்கும் அளவிற்கு மேற்படலாகாது. 10 ஆம்பியர் தாங்கும் கம்பிக்கு 30 ஆம்பியர் உருகியை இட்டால், உருகி அறுவதற்கு முன் கம்பி எரிந்துவிடும்.

உருகி முதற்கண் காப்பது கம்பியை. கம்பி வழியே படகை. படகின் வழியே அதில் செல்வோர் உயிரை. ஆதலின் காவலை வாயிலிலேயே வைத்தல் அறிவுடைமையாகும்.